ராணியைப் பத்திரமா வச்ச கதை

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. மழை, ஆபீஸ் ஆடிட், நாகர்கோவில்ல ஒரு கல்யாணம்னு காரணம் நிறைய சொல்லலாம். உண்மைக் காரணம் ஒரு சின்ன அவமானம். அதைத்தான் இன்னிக்குப் பதிவா போடப் போறேன். தேனீன்னாலே அலர்ஜின்னு சொல்றவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி ரப்பர் மர நிழல்ல தேன்பெட்டி வச்சிருக்கேன். தொழில் இல்லை, சும்மா ஆசை. போன வருஷம் செப்டம்பர்ல நாலு பெட்டி இருந்தது. அக்டோபர்ல அதைப் பிரிச்சு ஏழாக்கினேன். ஆபீஸ்ல பீத்திக்காத ஆள் இல்லை. டிசம்பர்ல எண்ணிப் பார்த்தா மறுபடியும் நாலு.

எறும்பு வரலை, குளவி வரலை, நோயும் இல்லை. மூணு கூட்டத்தையும் அழிச்சது சாட்சாத் அடியேன்தான். அதுவும் அக்கறையினால!

தேனீ வளர்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்க மாவட்டத்துல செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தேனீக்கூட்டம் பெருகுற காலம். ஜனவரிக்கு மேல ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்புல சுரக்குற இனிப்புல இருந்துதான் எங்க தேன்ல பெரும்பகுதி. அதுக்குள்ள கூட்டத்தைப் பிரிச்சுப் பெருக்கிடணும். பிரிக்கிறதுன்னா என்ன? பெருத்த கூட்டத்துல அடையோட கீழ் விளிம்புல நிலக்கடலை மாதிரி ராணி செல் தொங்கும். அதுல ஒண்ணு இருக்குற சட்டம், கூட ரெண்டு சட்டம், அதுல மொய்க்கிற ஈக்கள், எல்லாத்தையும் எடுத்து வேற பெட்டியில வச்சா புதுக் கூட்டம் ரெடி.

ரெடின்னு நாமதான் சொல்லிக்கணும். செல்லுக்குள்ள இருந்து வர்றது கன்னி ராணி. முட்டையில இருந்து 15, 16 நாள்ல வெளியே வந்துடும். ஆனா அஞ்சாறு நாள் உடம்பு முதிரணும். அப்புறம் பெட்டியை விட்டுப் பறந்து, ஆகாயத்துலயே பல ஆண் ஈக்களோட சேர்ந்துட்டுத் திரும்பி வரணும். ரெண்டு மூணு நாள்ல முட்டை போட ஆரம்பிக்கும். அந்தச் சில நாள்ல சேர்த்த விந்தை வயித்துக்குள்ள ஒரு குட்டிப் பையில வச்சுக்கிட்டு ஆயுசு முழுக்க முட்டை போடும். முட்டை போட ஆரம்பிச்சுட்டா மறுபடி அந்தப் பயணம் கிடையாது.

மொத்தத்துல ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்துல ராணி போச்சுன்னா கூட்டமும் போச்சு. புது ராணி வளர்க்க அந்தப் பெட்டியில இளம் புழுவும் இருக்காது. இது தெரிஞ்சதால வந்த வினைதான் மீதிக் கதை.

முதல் பெட்டி. வெள்ளிக்கிழமை காலையில ராணி வெளியே வந்தது. அன்னிக்கே மழை பிடிச்சது. ஐப்பசி மழை தெரியுமில்ல, காலையில வெயிலடிச்சு ஏமாத்தும், மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும். இந்த மழையில பறந்து போய் நனைஞ்சு செத்துட்டா? பார்த்தேன். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பியை விரல் தடிமனுக்குச் சுருட்டி, ராணியை உள்ளே விட்டு, ரெண்டு பக்கமும் அடைச்சு, அதே கூட்டத்துல ரெண்டு சட்டத்துக்கு நடுவுல தொங்க விட்டேன். பணித்தேனீக்கள் வலை வழியா ஊட்டிவிடும், மழை விட்டதும் திறந்து விடலாம்னு கணக்கு.

மழை எட்டு நாள். அப்புறம் ஆடிட். அப்புறம் கல்யாணம். திறந்து விட்டப்போ பத்தொன்பதாம் நாள். ராணி உயிரோட, ஓடியாடிக்கிட்டு இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு நாள் சாயங்காலம் தூறல். பத்து நாள் கழிச்சு முட்டையைப் பார்த்ததும் வீட்டுல பாயசம்!

மூடின புழு அறைகளைப் பார்த்தப்பதான் பாயசம் கசந்தது. பணித்தேனீ அறைன்னா மூடி தட்டையா இருக்கும். இது அத்தனையும் குமிழ் குமிழா, நடுவுல ஊசித் துளையோட. முழுக்க ஆண் ஈ. வேலை செய்யப் பணித்தேனீ ஒண்ணுகூடப் பிறக்கலை. இருந்த பழைய ஈக்கள் ஒவ்வொண்ணா செத்து, கடைசியில மெழுகுப்பூச்சி வந்து அடையைச் சல்லடையாக்கிடுச்சு.

எங்க தெருவுல ஒரு பாட்டா இருக்காரு. மூணு தலைமுறையா தேனீக்காரங்க. அவர்கிட்ட போய் அழுதேன். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு.

"எத்தன நாளு அடச்சு வச்ச மக்ளே?"

"பத்தொன்பது நாளு பாட்டா. மழையில்லா..."

"அது பறக்கதுக்குப் பொறந்தது. நீ பிடிச்சு வச்சா செத்ததுக்குச் சமம் பாத்துக்க. மழ அதுக்குத் தெரியாதா? தெளிஞ்ச நேரம் பாத்துப் போவும்."

பாட்டா சொன்னதை ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே ஒருத்தர் சோதிச்சுப் பார்த்து எழுதி வச்சிருக்காரு. ஜெனீவாவுல பிரான்சுவா ஹூபர். அவருக்குக் கண்பார்வை கிடையாது. பியூர்னான்னு ஒரு உதவியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் கேள்வி கேட்டு, சோதனை வச்சு, 1792ல புத்தகமாப் போட்டாரு. கன்னி ராணிகளை அடைச்சு வச்சு, வேற வேற வயசுல வெளியே விட்டுப் பார்த்திருக்காரு. சுமார் இருபது நாளுக்கு மேல தாமதமானா, ராணி வெளியே போய்ச் சேர்ந்துட்டு வந்தாலும் ஆண் முட்டை மட்டும்தான் போடுதுங்கறது அவர் கண்டுபிடிப்பு. அவர் பார்த்தது ஐரோப்பியத் தேனீயில. எங்க வீட்டு இந்தியத் தேனீயும் அதையேதான் செஞ்சது. பார்வையில்லாத மனுஷன் கண்டுபிடிச்சதை ரெண்டு கண்ணையும் வச்சுக்கிட்டு நான் தவறவிட்டேன். என்னத்த சொல்ல!

ரெண்டாவது பெட்டி. இதுல ராணியை அடைக்கலை. ஆனா கை சும்மா இருக்குமா? ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள்னு தினமும் ஆபீஸ் விட்டு வந்து, காபியை வச்சுட்டு, நாலரை மணிக்குப் பெட்டியைத் திறந்து ராணி இருக்கான்னு தேடினேன். கன்னி ராணியைக் கண்டுபிடிக்கிறது லேசு இல்லை. வெளியே வந்த புதுசுல பெரிசா இருக்கும், ரெண்டு மூணு நாள்ல உடம்பு மெலிஞ்சு கிட்டத்தட்ட பணித்தேனீ மாதிரியே ஆயிடும். ஓட்டம் வேற. எட்டாம் நாள் தேடினேன், இல்லை. பத்தாம் நாளும் இல்லை. அப்புறம் இருக்கவே இல்லை.

ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சது. 1976ல கோனிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையில செஞ்ச ஒரு ஆய்வு உண்டு. மூணு வகைத் தேனீயோட ஆண் ஈக்கள் எந்த நேரத்துல பறக்குதுன்னு பார்த்தாங்க. கொம்புத்தேனீக்கு மத்தியானம் 12ல இருந்து 2.30 வரை. மலைத்தேனீக்குச் சாயங்காலம் 6 மணியில இருந்து 6.45 வரை. நம்ம பெட்டியில வளர்ற இந்தியத் தேனீக்கு 4.15ல இருந்து 5.15 வரை. ஆகாயத்தை மூணு பேரும் ஷிப்ட் போட்டுப் பங்கு வச்சிருக்காங்க! எங்க வீட்டுலயும் சாயங்காலக் காபி நேரத்துலதான் ஆண் ஈக்கள் வாசல்ல கனமா ரீங்காரம் போடும். அதாவது, ராணி கல்யாணத்துக்குக் கிளம்புற அந்த ஒரு மணி நேரத்துல நான் வீட்டுக் கூரையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு நின்னிருக்கேன். கிளம்பப் போன ராணி மிரண்டு பறந்திருக்கும், இல்லைன்னா திரும்பி வந்த ராணிக்குத் தன் வீடே அடையாளம் தெரிஞ்சிருக்காது.

மூணாவது பெட்டி. இதுல அடைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஒழுங்கா விட்டேன். ராணி போச்சு, திரும்பலை. மின்கம்பியில வரிசையா உட்கார்ந்திருக்குற பஞ்சுருட்டானைக் கேட்டா தெரியும். இதுல என் தப்பு எதுவும் இல்லைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தப்பு இருந்தது. தாய்க் கூட்டத்துல மொத்தம் எட்டு ராணி செல் இருந்தது. பெட்டிக்கு ஒண்ணா மூணு போக மீதி அஞ்சையும் வெட்டிக் கோழிக்குப் போட்டேன். பயிற்சிக்குப் போனப்போ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நல்ல செல்லா ஒண்ணு வை, மத்ததை நசுக்கு. காரணமும் இருக்கு. நிறைய செல்லை விட்டா கூட்டம் திரும்பத் திரும்பப் பிரிஞ்சு பறந்து போயிடும். ரெண்டு கன்னி ராணி ஒரே பெட்டியில வெளியே வந்தா ஒண்ணு மத்ததைக் கொன்னுடும். ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்காது. எல்லாம் சரி. ஆனா வெட்டினதை ஏன் கோழிக்குப் போடணும்? அந்த அஞ்சுல ஒண்ணை வேற உறையில வச்சிருந்தா மூணாவது பெட்டி இன்னிக்கு உயிரோட இருக்கும்.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். கன்னி ராணியை உயிரோட வைக்கணும்னு நாம படுற பாடு அத்தனையும் ராணியைச் சுத்தியே இருக்கு. கூண்டு, வலை, தினம் ஒரு தரிசனம். அது பறந்துதான் ஆகணும். பறந்தா சிலது திரும்பாது. அந்த நஷ்டத்தைத் தடுக்க நம்மகிட்ட வழியே கிடையாது. நம்மால முடிஞ்சது, அந்த நஷ்டத்தைக் கூட்டம் தாங்குற மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்றது. அதாவது, ராணியைப் பிடிச்சு வைக்காதே, மாத்து ராணியை வளர்த்து வை.

எப்படி? நியூட்டன் பெட்டியில புழு அறைக்கு ஏழு சட்டம். பிரிக்கும்போது ரெண்டே சட்டத்துல, முதிர்ந்த செல் ஒண்ணோட, ஒரு குட்டிப் பெட்டி தனியா வைக்கணும். மூணு பெட்டிக்கு ஒரு குட்டிப் பெட்டி போதும். பெரிய பெட்டியில ராணி திரும்பலைன்னு உறுதியானதும் குட்டிப் பெட்டியை அதோட சேர்த்துடலாம். நடுவுல ஊசித்துளை போட்ட நியூஸ்பேப்பர் ஒரு தாள் வச்சா, ஈக்கள் கடிச்சுப் பிய்க்கிறதுக்குள்ள ரெண்டு கூட்டத்து வாசனையும் கலந்துடும். எல்லா ராணியும் ஒழுங்கா வந்துட்டா? குட்டிப் பெட்டியை வளர விடுங்க, இல்லைன்னா நண்பருக்குக் கொடுங்க.

இதைச் சொன்னப்போ இங்க இருக்குற தேனீக்காரங்க சிலர் சண்டைக்கே வந்தாங்க. "ரெண்டு சட்டத்தை ஒதுக்கினா ஜனவரியில தேன் குறையும்ங்க"ன்னு ஒருத்தர். குறையும், மறுக்கலை. ஆனா மூணு பெட்டியையும் இழந்தவன் கணக்கு வேற. பிரிக்கப் போட்ட சட்டம், ஈ, அடை எல்லாம் போய், அந்தப் பெட்டியில வர வேண்டிய தேனும் போய், காலிப் பெட்டியில கரையான் ஏறினதுதான் மிச்சம்.

இன்னொண்ணு. 1991-92ல தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவுல இந்தியத் தேனீக்கூட்டங்களைத் துடைச்சுப் போட்டது. 1920கள்ல இருந்து ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் மூலமா மார்த்தாண்டத்துல வேர்விட்ட தொழில், ஒரே வருஷத்துல ஆட்டம் கண்டது. பாட்டா வீட்டுல நாற்பது பெட்டியில ரெண்டு மிஞ்சியதாம். அந்த ரெண்டுல இருந்துதான் மறுபடி பெருக்கினாரு. "அண்ணைக்கு ஒரு செல்லு வெட்டுனா கையி நடுங்கும் கேட்டியா"ன்னாரு. நோயைத் தாங்கி நின்ன கூட்டத்து மகள்கள்தான் இன்னிக்கு நாம நசுக்குற செல்லுல இருக்கு. இதை நினைச்சா கோழிக்குப் போட மனசு வருமா?

சரி, புலம்பல் போதும். எனக்குப் பட்ட நாலு விஷயம், உங்க வீட்டுல பெட்டி இருந்தா உதவும்:

1. ஆண் ஈ கண்ணுல பட்டபிறகு பிரிங்க. ஆண் ஈ முட்டையில இருந்து வெளியே வரவே மூணு வாரத்துக்கு மேல ஆகும், முதிர இன்னும் பல நாள். மாப்பிள்ளை இல்லாத ஊர்ல கல்யாணம் நடக்காது.

2. செல் நுனியில மெழுகு நீங்கிப் பழுப்பா தெரிஞ்சா ராணி ரெண்டொரு நாள்ல வந்துடும். ராத்திரி பெட்டியில காதை வச்சுக் கேளுங்க. வெளியே வந்த ராணி ஒரு மாதிரி ஊதும், இன்னும் செல்லுக்குள்ள இருக்குறது பதில் குரல் கொடுக்கும். கேட்டா, உள்ளே இன்னொரு ராணி காத்திருக்குன்னு அர்த்தம். மாத்து ராணிக்கு அதுதான் நேரம்.

3. கூண்டே கூடாதுன்னு நான் சொல்லலை. ரெண்டு ராணி ஒரே நேரத்துல வந்துட்டா, அவசரத்துக்கு ஒண்ணை அடைக்கத்தான் வேணும். ஓட்டை போட்ட தீப்பெட்டி போதும். சர்க்கரைப் பொடியை உங்க பெட்டித் தேன்லயே சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியாப் பிசைஞ்சு ஒரு மூலையில வைங்க. தளர்வா இருந்தா ராணி ஒட்டிக்கிட்டுச் சாகும். கூட அஞ்சாறு இளம் பணித்தேனீ விடுங்க, ராணிக்குச் சூடும் தீனியும் அதுங்க பார்த்துக்கும். எறும்பு, வெயில் ரெண்டும் ஆகாது. சட்டைப்பை அருமையான இடம், உடம்புச் சூடு போதும். ஆனா அது ஒரு நாள், ரெண்டு நாள் சமாச்சாரம். புதுசா வந்த ராணியைச் சில மணி நேரத்துக்குள்ள ராணியில்லாத கூட்டத்துல விட்டா பெரும்பாலும் ஏத்துக்கும், அதுக்கு இன்னும் வாசனை அவ்வளவா இருக்காது. நாலஞ்சு நாள் ஆன ராணியை விட்டா பந்து மாதிரி சூழ்ந்து கொன்னாலும் கொன்னுடும்.

4. ராணி வெளியே வந்ததும் ரெண்டு வாரம் பெட்டியைத் திறக்காதீங்க. தேன் இருப்பை முன்னாடியே பார்த்துக்குங்க. பெட்டிகளை ஒரே வரிசையில ஒரே நிறத்துல வைக்காம, வாசலுக்கு மேல ஆளுக்கொரு நிறம் பூசி வைங்க, திரும்பி வர்ற ராணி வீடு மாறாது. ஆர்வம் தாங்கலைன்னா நாற்காலி போட்டு வாசலைப் பாருங்க. மகரந்தம் சுமந்து மும்முரமா வந்துபோனா நல்ல சகுனம். ரெண்டு வாரம் கழிச்சுக் காலையில திறங்க. அறைக்கு ஒரு முட்டைன்னா ராணி வந்தாச்சு. ஒரே அறையில நாலஞ்சு முட்டை சிதறிக் கிடந்தா, ராணி இல்லாம பணித்தேனீக்களே போட ஆரம்பிச்சுட்டதுன்னு சந்தேகப்படுங்க. நம்ம இந்தியத் தேனீயில அது சீக்கிரமே நடந்துடும், அதனால மூணாவது வாரத்தைத் தாண்ட விடாதீங்க.

இந்த வருஷம் ரெண்டு பெட்டிதான் பிரிச்சேன், கூட ஒரு குட்டிப் பெட்டி. எல்லாத்துலயும் ராணி வெளியே வந்தாச்சு. இன்னிக்கு எட்டாம் நாள். மத்தியானம் கொட்டின மழை மூணரைக்கு விட்டது. நாலேகாலுக்குக் காபியோட போய் பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். நடுப்பெட்டி வாசல்ல ஆண் ஈக்களுக்கு நடுவுல கொஞ்சம் நீளமா ஒண்ணு வந்து நின்னுச்சு. பெட்டியைப் பார்த்தபடி இப்படியும் அப்படியும் ரெண்டு வட்டம் அடிச்சுட்டு ரப்பர் மரத்துக்கு மேல போயிடுச்சு. மின்கம்பியில பஞ்சுருட்டான் மூணு.

கல்லை எடுத்துப் பஞ்சுருட்டானை விரட்டலாமான்னு கை பரபரத்தது. அதுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்னு விட்டுட்டேன். காபி ஆறிப் போச்சு. ராணி திரும்பி வந்ததா? பார்க்கலை. இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பெட்டியைத் திறக்கலை. இன்னும் ஏழு நாள் இருக்கு.

பி.கு.: கோழிக்கு இந்த வருஷம் செல் கிடையாது. அது என்னைப் பார்த்து முறைக்குது. பெட்டி வச்சிருக்குற நண்பர்கள் யாராவது கூண்டுல பத்து நாளுக்கு மேல வச்ச கன்னி ராணி அப்புறம் ஒழுங்கா முட்டை போட்டுப் பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. என் கட்சியை மாத்திக்க நான் தயார் :-)